அயல்நாட்டு மாணவரும் நம் விருந்தோம்பலும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்துள்ளது. அயல்நாட்டு மாணவரும் அங்குப் பயில்கின்றனர். அவர்தம் பாட்டையும் பண்பாட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வாழ் குடும்பத்தினராகிய நாம் கேட்டறிந்ததுண்டா?

வரலாறு வழிகாட்டுகிறது. அமெரிக்க மாணவரான ஜான் ஹிக்கின்ஸ் 1960களில் சென்னை வந்து, டி. விஸ்வநாதனிடம் கர்நாடக இசை பயின்றார். 1965இல் திருவையாற்றில் பாடினார். தமிழ் ரசிகர்கள் அவரைப் 'பாகவதர்' என்றே அழைத்தனர். ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானாவோ நாச்சியார்கோவில் ஆசான்களிடம் தஞ்சை நாதசுர பாணியைக் கற்றார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

இருவரையும் உயர்த்தியது உழைப்பு மட்டுமன்று. வந்தவரைத் தம்மவராக ஏற்ற ஆசான்களின் உள்ளமும்தான். முஸாபிரைக் கண்ணியப்படுத்துவது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. வரும் ரமலானில் அம்மாணவருள் ஒருவரையேனும் இஃப்தாருக்கு அழைப்போம். அவர் நாட்டுக் கதைகளை நம் பிள்ளைகள் கேட்கட்டும்.