மூக்கணாங்கயிறு அறுந்த கதை: ஆடும் கரடிகளின் மறுவாழ்வு

'சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். வேண்டாத நேரத்தில் வந்து காரியத்தைக் கெடுப்பவரை ஏசும் பழமொழியாகவே இன்று அது வழங்கி வருகிறது. ஆனால் அந்தப் பூஜையில் நுழைந்தது நான்கு கால் விலங்கன்று, ஓர் இசைக்கருவி என்று விளக்கம் தருவோரும் உளர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளை அடுக்கும்போது கரடிகை என்ற ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார். கரடி கத்துவதைப் போன்ற ஓசை உடையதால் அதற்கு அப்பெயர் என்பது அவர் தரும் காரணம். வட கர்நாடகத்தில் 'கரடி மஜலு' என்ற தோலிசை இன்றும் நாட்டார் விழாக்களில் ஒலிக்கிறது. வழிபாட்டில் முழங்கிய வாத்தியம் காலப்போக்கில் மறைந்துவிட, பழி முழுவதும் காட்டில் கிடந்த விலங்கின் தலையில் விழுந்தது. பொய் சொன்னால் 'கரடி விடுகிறான்' என்கிறோம். குழந்தை இரவில் அலறினால் கரடி மயிர் வைத்த தாயத்தைக் கழுத்தில் கட்டினோம். தமிழர் வாழ்வில் கரடிக்கு இடம் உண்டு. அது மரியாதையான இடமாக எப்போதும் இருந்ததில்லை.

எப்போதும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சங்கப் புலவர்கள் அதனை எண்கு என்றும் உளியம் என்றும் அழைத்தார்கள். அகநானூற்றில் நள்ளிரவில் கரையான் புற்றை நகத்தால் கிளறும் ஆண்கரடி ஒன்று வருகிறது. அது தேடுவது புற்றினுள் இருக்கும் குரும்பியை. அதன் நகம் பட்டு வலியழிவதோ உள்ளே சுருண்டு கிடக்கும் பாம்பு. கோடையில் உதிரும் இலுப்பைப் பூவைக் கூட்டமாய் வந்து தின்னும் எண்குகளையும் அதே தொகையில் காணலாம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் பாடிய அந்தப் புலவர்கள் கரடியைப் பார்த்துப் பாடினார்கள் என்பதில் ஐயமில்லை. இன்றைய விலங்கியலாரும் அந்த உணவுப் பட்டியலை மறுக்கமாட்டார்கள்.

மேலைநாட்டவர் அதே கரடியை முதன்முதலில் ஆராய்ந்தபோது தடுமாறினார்கள். நீண்ட வளைந்த நகங்களையும் மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் இல்லாததையும் கண்ட ஜார்ஜ் ஷா, 1791ல் அதனைத் தென்னமெரிக்காவின் 'ஸ்லோத்' என்ற மந்த விலங்கின் இனமாகக் கருதிப் பெயரிட்டார். தவறு விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் 'ஸ்லோத் கரடி' என்ற ஆங்கிலப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பல் இல்லாத இடைவெளி ஒரு குறை அன்று. உதடுகளைக் குழல்போலக் குவித்து, புற்றிலிருந்து கரையானை உறிஞ்சி இழுப்பதற்கான வழி அது. அந்த உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். குட்டிகளை முதுகில் சுமந்து திரிவதும் இந்தத் தாய்க்கரடியின் தனி வழக்கம். நம் கதையின் துயரம் அந்த முதுகிலிருந்துதான் தொடங்குகிறது.

கயிறு

கரடியை ஆட வைத்தவர்களில் பெரும்பாலோர் கலந்தர் எனப்படும் நாடோடிச் சமூகத்தார். ஒரு காலத்தில் ஊர் ஊராகத் திரிந்த சூஃபித் துறவிகளைக் குறித்த சொல் அது. முகலாயர் காலத்திலிருந்தே அரசவைகளிலும் சந்தைகளிலும் கரடி வித்தை காட்டிவந்த மரபு என்று அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வதுண்டு. அவை மறைந்தது, சந்தை எஞ்சியது, பிறகு சுற்றுலாப் பயணியர் போகும் நெடுஞ்சாலை எஞ்சியது.

ஆடும் கரடி ஒன்று உருவாவதற்கு முதலில் ஒரு தாய் சாகவேண்டும். சில வாரங்களே ஆன குட்டியை அதன் முதுகிலிருந்து பறிக்க வேறு வழி இல்லை. பிடிபட்ட குட்டி கைமாறி விற்கப்படும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் மூக்கின் மேற்பகுதியைத் துளைத்துக் கயிறு நுழைப்பார்கள். கோரைப் பற்களை உடைப்பார்கள். ஆண்குட்டிகளுக்குக் காயடிப்பதும் உண்டு. அதன் பிறகு நாம் பார்த்துக் கைதட்டியது நடனம் அன்று. ஆறாத புண்ணில் கயிறு இழுபடும்போது, வலி குறையும் திசையில் அந்த உடல் எழுந்து நின்றது. நாம் அதற்கு ஆட்டம் என்று பெயர் வைத்தோம்.

சட்டமும் இடமும்

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இருந்ததா? இருந்தது. 1960ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் முதல் அட்டவணையில் இந்தக் கரடியும் இடம்பெற்றிருக்கிறது. 1991ல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி உள்ளிட்ட விலங்குகளை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. அது வழக்குக்குப் போய், 1998ல் புதிய அறிவிக்கையாகத் திரும்பி வந்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2000ல் அறிவிக்கையை உறுதி செய்தது. 2001ல் உச்சநீதிமன்றமும் அதையே நிலைநாட்டியது.

இவ்வளவு இருந்தும் தெருவில் கரடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. காரணம் எளியது. பிடித்த கரடியை எங்கே வைப்பது? காவல் நிலையத்தில் கட்ட முடியாது. பற்கள் போய், மூக்கு கிழிந்து, காட்டில் இரை தேடக் கற்றுக்கொள்ளாத விலங்கைக் காட்டில் விடவும் முடியாது. சட்டம் குற்றத்தைச் சொன்னது. குற்றத்தின் சாட்சியாக நிற்கும் விலங்குக்குப் புகலிடம் சொல்லவில்லை.

கார்த்திக் சத்தியநாராயணனும் கீதா சேஷமணியும் 1995ல் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் உடனே கயிற்றை அறுக்கப் புறப்படவில்லை. நாட்டில் எத்தனை கரடிகள் ஆடுகின்றன, அவற்றை ஆட்டுபவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 1,200 கரடிகள் என்ற மதிப்பீடு 1990களின் பிற்பகுதியில் அவ்வாறுதான் கிடைத்தது. பிறகு ஆக்ராவுக்கு அருகே, சூர் சரோவர் எனப்படும் கீதம் ஏரிப் பகுதியில், உத்தரப்பிரதேச வனத்துறையுடன் சேர்ந்து மீட்பு மையம் எழுந்தது. 2002 டிசம்பரில் முதல் கரடிகள் அங்கு வந்து சேர்ந்தன. தொடர்ந்து பெங்களூரு அருகே பன்னேர்கட்டாவிலும், போபாலிலும், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் இத்தகைய மையங்கள் அமைந்தன.

மையத்துக்கு வந்த கரடிக்கு முதலில் நடப்பது கயிற்றை எடுப்பது. மயக்க மருந்து கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தசையோடு ஒட்டிப்போன கயிற்றைப் பிரித்து, புண்ணுக்கு மருந்திடுவார்கள். உடைந்த பல்லின் வேரில் சீழ் இருக்கும், அதற்கும் சிகிச்சை. பார்வை இழந்த கரடிகள் பல. காசநோய் கண்டவையும் பல. நோய்க்காவல் முடிந்த பிறகு மற்றக் கரடிகளோடு மெல்லப் பழக விடுவார்கள். தானியக் கஞ்சி, பழங்கள், தேன் என்று உணவு. ஏறுவதற்கு மரச்சட்டங்கள், படுப்பதற்குத் தொங்கு படுக்கை, தோண்டுவதற்கு மண். தேனை மரத்துளையில் ஒளித்து வைத்துத் தேட விடுவதும் சிகிச்சையின் பகுதிதான். கயிறு போன பிறகும் சில கரடிகள் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். உடலிலிருந்து கயிற்றை ஒரே நாளில் எடுத்துவிடலாம். பழக்கத்திலிருந்து எடுப்பதற்கு ஆண்டுகள் ஆகும்.

கயிற்றின் மறுமுனை

கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று கரடியின் மூக்கில் இருந்தது. மற்றொன்று ஓர் ஏழையின் கையில் இருந்தது. அந்தக் கரடியைப் பறித்துவிட்டால் அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. எரியவேண்டுமானால் அவன் இன்னொரு குட்டியை வாங்குவான். இன்னொரு தாய் சாகும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதுதான் இந்த முயற்சியின் ஆகச் சிறந்த பகுதி என்று நாம் கருதுகிறோம்.

கரடியை ஒப்படைக்கும் கலந்தருக்கு வேறு தொழில் தொடங்கப் பணம் தரப்பட்டது. இனி கரடி வைத்திருக்கமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். சிலர் வண்டி வாங்கினார்கள், சிலர் கடை வைத்தார்கள், சிலர் மீட்பு மையத்திலேயே கரடிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சியும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் மேரி ஹட்டன் 1995ல் தொடங்கிய 'ஃப்ரீ தி பேர்ஸ்' போன்ற வெளிநாட்டு அமைப்புகள் இதற்கு நிதி அளித்தன. 2009 டிசம்பரில் கர்நாடகத்தில் ராஜு என்ற கரடியின் கயிறு அறுக்கப்பட்டு, அது பன்னேர்கட்டா மையத்துக்கு வந்தது. இந்தியத் தெருக்களின் கடைசி ஆடும் கரடி என்று அது அறிவிக்கப்பட்டது. அதற்குள் 600க்கும் மேற்பட்ட கரடிகள் மையங்களை அடைந்திருந்தன. பல நூற்றாண்டு வழக்கம் ஒன்று, முதல் கரடி வந்து ஏழே ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. 2017 டிசம்பரில் நேபாளத்தில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்ற இரண்டு ஆடும் கரடிகள் மீட்கப்பட்டன. காத்மாண்டு விலங்குக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருந்தபோது ஸ்ரீதேவி இறந்துபோனது. 2018ல் ரங்கீலா மட்டும் ஆக்ரா வந்து சேர்ந்தது. மீட்பு என்ற சொல்லுக்கும் மறுவாழ்வு என்ற சொல்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் உண்டு என்பதற்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

காடு திரும்பியவை

காட்டுக்கே திரும்பும் கரடிகளும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே பகுதியில் 2002 முதல் இயங்கும் மையத்தில், தாயை இழந்த ஆசியக் கருங்கரடிக் குட்டிகளைப் பராமரிப்பாளர்கள் மாதக்கணக்கில் காட்டுக்குள் நடத்திச் செல்கிறார்கள். குட்டி எதைத் தின்னலாம், எதில் ஏறலாம் என்று தானே கற்கிறது. ஒருநாள் அது மனிதனோடு திரும்பி வராமல் காட்டிலேயே தங்கிவிடும். அந்தப் பிரிவுதான் வெற்றி.

நம் வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் சூரியக் கரடிக்கும் இதே கதைதான். மார்பில் உதயசூரியனைப் போன்ற மஞ்சள் பிறையைத் தாங்கிய, கரடிகளுள் மிகச் சிறிய இனம் அது. 1819ல் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ்தான் 1821ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர். அவர் வீட்டில் வளர்ந்த குட்டி, பிள்ளைகளோடு விளையாடி, மேசையில் அமர்ந்து மங்குஸ்தான் பழம் தின்று ஷாம்பெயின் குடித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்தக் குட்டியின் தாய் என்ன ஆனாள் என்று கேட்க அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் மலேசியாவின் வோங் சியூ தே. சபா மாநிலத்தில், சண்டக்கானுக்கு அருகே செப்பிலோக்கில், 2008ல் அவர் சூரியக் கரடிப் பாதுகாப்பு மையத்தை நிறுவினார். வீட்டுக் கூண்டுகளில் வளர்ந்த குட்டிகள் மின்வேலியிட்ட உண்மைக் காட்டில் விடப்பட்டு, மரமேறவும் புற்றைத் தோண்டவும் கற்கின்றன. சிமெண்ட் தரையில் மட்டுமே நடந்து பழகிய கரடி, மண்ணில் கால் வைக்க அஞ்சி வாசலிலேயே நாள்கணக்கில் நிற்பதும் உண்டு. 2015ல் நாட்டலி என்ற பெண்கரடி தாபின் வனக்காப்பகத்தில் விடுவிக்கப்பட்டது. அம்மையத்திலிருந்து காடு திரும்பிய முதல் கரடி அதுவே.

ஒரு சொல்லின் பொருள்

நெய்வேலியில் வாழும் நமக்கு 'மறுவாழ்வு' புதிய சொல் அன்று. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்ட நாளிலிருந்து இந்த மண்ணின் வரலாறே தோண்டுவதன் வரலாறுதான். 1956ல் நிறுவனம் பிறந்தது. 1957ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஊர்கள் பெயர்ந்தன, வட்டங்களாகப் பிரித்த நிழல் சூழ்ந்த நகரியம் எழுந்தது, சுரங்கம் கொட்டிய மண்மேடுகளில் மரங்கள் நடப்பட்டு இன்று பசுமையாக நிற்கின்றன. மறுவாழ்வு என்ற சொல் இங்கே அரசாணைகளிலும் மனுக்களிலும் புழங்குகிறது. நிலம் கொடுத்த குடும்பங்களின் கேள்வி இன்னும் ஓயவில்லை.

கரடியையும் மனிதரையும் ஒரு தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. ஆனால் கீதம் ஏரிக்கரையில் நடந்தது எந்த மறுவாழ்வுக்கும் பொருந்தும் மூன்று பாடங்களைத் தருகிறது. ஒன்று, எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கவேண்டும். யார், எத்தனை பேர், எதை நம்பி வாழ்கிறார்கள் என்று. இரண்டு, கயிற்றின் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். மூன்று, பணம் கொடுத்த நாளோடு கடமை முடிவதில்லை. கயிறு போன பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் கரடிக்கு அருகில் ஆண்டுக்கணக்கில் இருக்கவேண்டும்.

2009க்கு முன் மீட்கப்பட்ட கரடிகளில் பல முதுமையில் மடிந்துவிட்டன. எஞ்சியவையும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மூக்கில் தழும்புள்ள அந்தத் தலைமுறை முழுவதும் மறையும் நாளில் இந்த வரலாறு உண்மையாகவே முடிவுறும். அதன் பிறகு பிறக்கும் எண்குகள், அகநானூற்றுப் புலவன் கண்டதைப் போல, யாரும் பார்க்காத நள்ளிரவில் புற்றைக் கிளறிக்கொண்டு இருக்கட்டும். பூஜை வேளையில் கரடி புகுந்ததாக நாம் பல காலம் பழி சொல்லிவிட்டோம். கரடியின் காட்டுக்குள் புகுந்தவர்கள் நாம்தான் என்பதையும் ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது.