முதுசமாக வந்த பிக்கப் வண்டி

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடை என்றதும் எவர்க்கும் முதலில் நினைவில் எழுவது புனித அந்தோனியார் ஆலயமே. செவ்வாய்க்கிழமை தோறும் சமய வேறுபாடின்றி மக்கள் அங்கே திரள்வர். ஆயினும், அவ்வாலயத்தைச் சூழ்ந்த தெருக்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. கப்பலிலிருந்து இறங்கிய பொருள் கடைக்குச் சென்று சேரும் வரலாறு அது. ஒரு புறம் செட்டியார் தெருவும் புறக்கோட்டையும், மறு புறம் ஜம்பெட்டா வீதியும் கொட்டாஞ்சேனையும் ஆக, இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பில் மாட்டு வண்டியும் நாட்டாமைமார் தள்ளிய கைவண்டியும் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. பின்னர் லொறி வந்தது. லொறி நுழைய இயலாத ஒழுங்கைகளுக்கும், லொறி வாங்க வசதியற்ற வணிகருக்கும் ஏற்றதாக வந்ததே பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டி.

அவ்வண்டிகளுள் பலராலும் நன்கறியப்பட்டது மொறிஸ் மைனர். அதனைப் படைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1906-இல் சிமிர்னா நகரிற் பிறந்து, இளமையில் அகதியாக இங்கிலாந்தை அடைந்தவர். 1948-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லண்டன் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதல் வைக்கப்பட்டது. அதற்குச் சில காலம் முன்னர், முற்றுப்பெற்றிருந்த மாதிரி வண்டி அகலங் குறைந்து காண்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றியது. வண்டியை நடுவே நீளவாக்கில் அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது வடிவம் பொருந்தியது. மூடியின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. கம்பெனியின் அதிபரான நபீல்ட் பிரபுவுக்கு வண்டி சற்றும் பிடிக்கவில்லை. உடைத்து நீரில் அவித்த முட்டை போன்றிருக்கிறது என அவர் எள்ளியதாகக் கூறுவர். எள்ளப்பட்ட அந்த முட்டையே பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானிய மோட்டார் வண்டியாயிற்று.

பிக்கப் வடிவம் வெளிவந்தது 1953-இல். ஐந்து அந்தர், அதாவது கால் தொன், சுமக்கவென அமைந்தது அது. பயணிகள் வண்டியில் உடலே எலும்பாகவும் நிற்க, பிக்கப்பிலோ ஓட்டுநர் அறைக்குப் பின்னே தனியான அடிச்சட்டம் உண்டு; அதன்மீதே சுமைத்தட்டு ஏறியது. எஞ்சினும் காலத்தோடு வளர்ந்தது. தொடக்கத்தில் 803 கன சென்ரிமீற்றர், 1956-இல் 948, 1962-இல் 1098. 1971-ஆம் ஆண்டின் இறுதியோடு உற்பத்தி நின்றது. பாட்டனார் கடைக்கு வாங்கி, தந்தையார் ஓட்டி, பேரனின் கைக்கு வரும் வண்டி இந்த மூன்று எஞ்சின்களுள் எதனோடு பிறந்தது என்பதை அதன் பதிவுப் புத்தகம் கூறும். இன்று அதனுள் இருக்கும் எஞ்சின் எது என்பதைப் பதிவுப் புத்தகம் எப்போதும் சரியாகக் கூறுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்த முரண்பாட்டிலேதான் வரலாறு தொடங்குகிறது.

மேலை நாடுகளிற் பழைய வண்டியைப் புதுப்பிப்போர் முன் ஒரு தெளிவான இலக்கு உண்டு. தொழிற்சாலை வாயிலைக் கடந்த அன்று வண்டி எவ்வாறிருந்ததோ, அந்நிலைக்கு அதனை மீட்பதே அவர்தம் நோக்கம். இலங்கையில் இவ்விலக்கு அத்துணை எளிதன்று. ஏனெனில் இங்கே பழைய வண்டிகள் காட்சிப் பொருளாகக் கொட்டகையில் உறங்கவில்லை. புதிய வண்டி வாங்க வழியில்லாத ஒரு நாட்டில், ஓடிக்கொண்டே மாறி, மாறிக்கொண்டே ஓடியவை அவை.

கொரியப் போர்க் காலத்தில் இறப்பர் விலை உயர்ந்தமையால் இலங்கையின் கையில் அந்நியச் செலாவணி தாராளமாக இருந்தது. ஐம்பதுகளின் மோட்டார் வண்டிகள் அச்செழிப்பின் தொடர்ச்சியாகவே கொழும்புத் துறையில் வந்திறங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் நிலை தலைகீழாயிற்று. தேயிலையும் இறப்பரும் தேடித் தந்த பணம் அரிசிக்கும் மாவுக்குமே போதாத நிலையில், மோட்டார் இறக்குமதி கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு உச்சத்தை அடைந்தது. வண்டி மட்டுமன்று, அதன் உதிரிப் பாகமும் அரிதாயிற்று. பிறேக்கின் இறப்பர்க் கிண்ணம், காபரேற்றரின் ஊசி, டைனமோவின் கரித்துண்டு ஆகிய இவை இல்லாமல் வண்டிகள் தெருவோரத்தில் நின்றன.

அந்நிலையில் ஊர்க் கம்மியரின் கை வேலை செய்யலாயிற்று. பழைய வண்டி ஒன்றை உடைத்து வேறு மூன்றை ஓடச் செய்யும் கலை வளர்ந்தது. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை இக்கலையின் சந்தையாயிற்று. கழற்றிய பாகங்களைத் தரம் பிரித்து விற்கும் கடைகள் அங்கே தொடர்வரிசையாக எழுந்தன. இரும்புத் தகட்டுக்கும் ஆணிக்கும் ஆமர் வீதியும் பழைய சோனகத் தெருவும் இருந்தன. கொச்சிக்கடையில் இருந்தவனுக்கு இவை யாவும் நடக்கும் தூரம். கடற்காற்றின் உப்பு வண்டியின் தகட்டை அரித்த வேகத்திற்கு ஈடாக, அதனை ஒட்டுப் போடும் வசதியும் அருகிலேயே இருந்தது அப்பகுதியின் நற்பேறு என்றே கொள்ளலாம்.

எனவே ஒரு பிக்கப்பைக் கழற்றும்போது அடுக்கடுக்காகக் காலங்கள் வெளிப்படுகின்றன. சாயத்தைச் சுரண்டினால் அதன் கீழே வேறொரு நிறம். அதன் கீழே இன்னொன்று. தரையின் துருவேறிய பகுதியில் எண்ணெய்ப் பீப்பாயின் தகடு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். சுமைத்தட்டின் பலகை தொழிற்சாலையினுடையதாக இராது. உள்ளூர் மரமாக இருக்கும். பின்புற வில்லுத் தட்டுகளிடையே மிகையாக ஒன்றிரண்டு செருகப்பட்டிருக்கும். கால் தொன் வண்டியில் கால் தொன்னோடு நிறுத்திக்கொண்ட வணிகர் அரியர்! இவற்றை எல்லாம் குறையென அகற்றிப் புதியதை வைப்பதா, அல்லது குடும்பத்தின் பற்றாக்குறைக் காலத்திற்குச் சாட்சியென விட்டுவைப்பதா? முதுசமாக வண்டியைப் பெற்றவர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி இதுவே. எந்த ஆண்டின் வண்டியாக அதனை மீட்பது?

இலக்கத் தகடும் இதே கேள்வியை எழுப்புகின்றது. 1957-க்கு முன்னர் பதிவான வண்டிகள் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களால் அமைந்த சீ.என்., ஈ.எல்., ஈ.வை. போன்ற குறிகளைத் தாங்கின. 1957-இல் அவ்விடத்தைச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பிடித்துக்கொண்டது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டு அது. தமிழ் மக்கள் இதனைத் தம்மீது சுமத்தப்பட்ட முத்திரையாகவே கண்டனர். 1958-இன் தொடக்கத்தில் 'ஸ்ரீ' பொறித்த பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது, அவ்வெழுத்தின்மீது தார் பூசும் போராட்டம் எழுந்தது. கொழும்பில் அதற்கு எதிராகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கலவரம் மூண்டது. இன்று அதே 'ஸ்ரீ' தகடு பழைய வண்டி விரும்புவோரிடையே மதிப்புக்குரிய பொருளாகி, அதற்கென விலை கூட்டியும் கேட்கப்படுகின்றது. காலம் செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று. தார் பூசிய தலைமுறையின் பேரன் அத்தகட்டைத் துலக்கி மாட்டும்போது, அதன் கதையையும் அறிந்து மாட்டுதல் நன்று.

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் வண்டிகளும் பெருந்தொகையாக எரியூட்டப்பட்டன. ஆதலால் தமிழ்க் குடும்பமொன்றின் கையில் ஐம்பதுகளின் வண்டி தொடர்ந்து இருப்பதே ஒரு தற்செயல். எரியாமல் எஞ்சிய வண்டிகளுக்கும் வேறொரு சிக்கல் வந்தது. உடைமை யாவும் ஓரிடத்தில் இருக்க, உரியவர் பல நாடுகளிற் சிதறினர். தந்தையாரின் பெயரிலுள்ள வண்டியை மகன் தன் பெயருக்கு மாற்றக் கருதினால், ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உடன்பிறந்தாரின் இணக்கத்தைத் தேடவேண்டிய நிலை. வண்டியின் துருவை அகற்றுவதினும் இது நீண்ட வேலை.

பழைய வண்டியின் உயிர்ப்பிடிப்பை நன்கு காட்டிய காலம் யாழ்ப்பாணத்திற்கே உரியது. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. புதிய யப்பானிய வண்டிகள் முடங்கின. அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்களைக் கொண்ட பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளோ மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயைச் செலுத்துவர். புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் எண்ணெய் விரைவில் நீர்த்துப்போகும். எனினும் நோயாளர் மருத்துவமனைக்கும் மணமக்கள் கோயிலுக்கும் சென்று சேர்ந்தனர். கொழும்பிலே பழம்பொருளாகி நின்ற வண்டி, யாழ்ப்பாணத்தில் இன்றியமையாத ஊர்தியாய் உழைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையத்தை எழுபதுகளில் நிறுவியவர் சார்ள்ஸ் வெயர். புது வண்டி வாங்கி அதன் மதிப்புத் தேய்வதைப் பார்த்திருப்பதினும், பழைய வண்டியை முறையாகப் பேணிக்கொண்டே செல்வது இலாபம் என்பது அவர் கொள்கை. அவர் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனரின் உடற்பாகங்களை இத்தீவில் செய்விக்கலானார். பற்றாக்குறையாற் பயின்ற கைத்திறன், வண்டி பிறந்த நாட்டிற்கே பாகம் செய்து அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது.

இனி, மேம்படுத்தல் பற்றிச் சில சொல்லவேண்டும். கொழும்பின் இன்றைய நெரிசலில் பழைய பிக்கப்பை அப்படியே ஓட்டுதல் துணிவான செயல். முதலிற் கவனிக்கவேண்டியது பிறேக். 1962 வரை முன் உருளைகளின் விட்டம் ஏழு அங்குலமே, பின்னர் எட்டாயிற்று. எண்ணெயை அழுத்தும் தலைமை உருளையோ ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே மறைந்து கிடப்பது. பலரும் முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்கைப் பொருத்துகின்றனர். மொறிஸ் மைனரின் முன்புற அமைப்பைத் தழுவியே 1971-இல் மொறிஸ் மரினா என்னும் வண்டி செய்யப்பட்டமையால், அதன் பிறேக்கு இதற்கு இணங்கும். இளையவனின் காலணி மூத்தவனுக்குப் பொருந்திய கதை இது.

முன்சில்லைத் தாங்கும் தூணின் அடியில், திருகுமரையோடு கூடிய பிணைப்பொன்று உண்டு. ஆயிரம் மைலுக்கொருமுறை அதற்குக் கிறீஸ் இடவேண்டும். இடாது விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடங்கி வண்டி முழங்காலில் வீழ்வது போல் வீழும். எத்துணைப் பளபளப்பாகச் சாயம் பூசினும் இதனை நோக்காதவன் புதுப்பித்தவனாகான்.

மின்னமைப்பும் மாற்றத்தக்கதே. டைனமோ தருவது ஏறத்தாழ 20 அம்பியர். நேர்முனை உடலோடு இணைக்கப்பட்ட பழைய முறை. ஓல்ரனேற்றர் பொருத்துபவர் முனைகளை மாற்றிக் கட்டவேண்டும். மறந்தாற் புதுக்கருவி கருகும். 2002-இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபின், பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகள் தேய்வுக்குள்ளாயின. அவற்றிற்குக் கடினமான வளையம் பதித்தல் இன்று அவசியமான வேலை. இதற்கெல்லாம் செலவிடாமல், யப்பானிய எஞ்சினை முழுதாக இறக்கி வைப்பாரும் உளர். 1977-இற் சந்தை திறக்கப்பட்டபின், நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடும் யப்பானின் பழைய வண்டிகள் குவிந்தமையால் அவ்வெஞ்சின்கள் பஞ்சிகாவத்தையில் எளிதிற் கிட்டின. தூய மரபினர் இதனைக் கண்டு முகஞ் சுளிப்பர். ஆனால் எண்பதுகளில் தந்தையார் பிழைப்புக்காகச் செய்த மாற்றமும் இப்போது அவ்வண்டியின் வரலாறே. அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு 1953-ஐ விலைக்கு வாங்குதல் மட்டுமே புதுப்பித்தல் என்று கொள்வதற்கில்லை. பிறேக்கு, வயர், முன்சில்லின் பிணைப்பு ஆகியவற்றில் உயிர் தங்கியுள்ளமையால் அங்கே தயக்கமின்றி மாற்றலாம். பலகைத் தட்டிலும் பீப்பாய்த் தகட்டிலும் கை வைக்குமுன் ஒரு முறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நியச் செலாவணி மீண்டும் வற்றவே, வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே தடை நீங்கியது. அறுபதுகளை நேரிற் கண்ட முதியோருக்கு இது புதுமையன்று. 2022-இல் பெற்றோல் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டு, ஜூலை மாதத்தில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது, அதிற் பதிவு செய்ய வண்டியின் அடிச்சட்ட இலக்கம் கேட்கப்பட்டது. பழைய பிக்கப்பின் உரிமையாளர், பதிவுப் புத்தகத்தை ஒரு கையிலும் மின்விளக்கை மறு கையிலும் ஏந்தி, எஞ்சின் மூடியைத் திறந்தனர். பின்சுவரில் அறையப்பட்டிருந்த சிறு தகட்டின்மீது அரை நூற்றாண்டுச் சாயம் அப்பியிருந்தது. கத்தி முனையால் அதனை மெல்லச் சுரண்ட, கௌலித் தொழிற்சாலையில் குத்திய இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.