பசறையிலிருந்து கண்டி வரை

1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1872இல், அந்தச் செடிகளோடு மாரடித்த மனிதர்களின் நோயைக் கவனிக்க ஒரு சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. வைத்தியச் செலவில் ஒரு பங்கு தோட்டங்களின் தலையில் விழுந்தது. ஆனாலும் காய்ச்சலில் கிடப்பவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, லயத்திலேயே விடுவதா என்பது பெரும்பாலும் தோட்டத் துரையின் முடிவாகவே இருந்தது.

பதுளை மாவட்டத்துப் பசறை, மடுல்சீமை, லுணுகலை மலைகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. அங்கிருந்து பசறைக்கு அன்றும் மலைப்பாதைதான், இன்றும் மலைப்பாதைதான். காயத்துக்கும் காய்ச்சலுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரி போதும். சிறுநீரகம் செயலிழந்தால் போதாது.

சிறுநீரக மாற்று சிகிச்சை மெல்ல மெல்லத்தான் இந்தப் பக்கம் வந்தது. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே ஒரு சகோதரனின் சிறுநீரகத்தை அவனுடைய இரட்டையனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதைச் செய்துகாட்டியது. இலங்கையில் 1985இல் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீஃப் உள்ளிட்ட குழு கொழும்பில் தொடங்கிவைத்தது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், மூளை முழுவதும் செயலிழப்பதையும் மரணமாக ஏற்று, இறந்தவரின் உறுப்பைப் பிறருக்குப் பொருத்த வழிவிட்டது. பிறகு கண்டி ஆஸ்பத்திரியிலும் இந்தச் சிகிச்சை நடக்கத் தொடங்கியது.

கொடுக்கும் மனம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மருத்துவர் ஹட்சன் சில்வாவின் முயற்சியால் 1964இலேயே இலங்கையரின் கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. ஆனால் கண்ணை, உயிர் பிரிந்து சில மணி நேரம் கழித்தும் எடுக்கலாம். சிறுநீரகத்துக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை சிகிச்சைக் குழு, குடும்பத்தின் சம்மதம் எல்லாம் ஒன்றுகூட வேண்டும். அதனால்தான் பலருக்கும் உறவினரின் சிறுநீரகமே முதல் நம்பிக்கையாகிறது.

உறவினர் முன்வந்தாலும் தோட்டக் குடும்பத்துக்குத் தூரம் குறுக்கே நிற்கிறது. டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போகும். அன்று நோயாளிக்கும் பேர், அதாவது நாட்கூலி, இல்லை; துணைக்குப் போனவருக்கும் பேர் இல்லை. பிறகு இரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், கொடுப்பவரின் இதயம், நுரையீரல் என்று பரிசோதனைகள். மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். இப்படி மாதங்கள் நழுவ, டயாலிசிஸ் காலம் நீள்கிறது; அது நீள நீள, மாற்று சிகிச்சையின் பலனும் குறைகிறது.

பதுளை மாவட்டத்துக்குச் சிறுநீரக நோய் அந்நியமல்ல. வடக்கே கிராந்துருகோட்டேயில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. மலையில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் சத்தமின்றிச் சிறுநீரகத்தை அரிக்கின்றன. அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் தேடுவதும், கிரியேட்டினினுக்கு இரத்தம் எடுப்பதும் சிறிய வேலைகள். தோட்டத்துக் கிளினிக்கில் அவை தவறாமல் நடந்தால், டயாலிசிஸ் நாற்காலிக்குப் போகும் முன்பே நோயாளியைக் கண்டி வைத்தியர்களிடம் அனுப்பலாம். கொடுப்பவரின் பரிசோதனைகளில் முடிந்தவற்றைப் பதுளையிலேயே ஒரே நாளில் முடித்து, இரத்த மாதிரியை மட்டும் கண்டிக்கு அனுப்பலாம். சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்து விளக்க ஓர் ஆளையும் அமர்த்தலாம். வைத்தியச் செலவில் ஒரு பங்கை 1872இன் சட்டம் தோட்டத்தின் மீது வைத்தது. இன்று நோயாளியை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கும் கடமை சுகாதார அமைச்சுக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் உரியது. அந்தப் பரிசோதனை நாளுக்கு நோயாளிக்கும் கொடுப்பவருக்கும் முழுப் பேர் போடுவதைக் கம்பெனிகள் நாளைக்கே தொடங்கலாம்.