யவனர் கொண்டுவந்த சரக்கு

1/ சிதம்பரம், கடலூர் பக்கமிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ல போறவங்க அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பிப் பாருங்க. அங்கேதான் அரிக்கமேடு, 2000 வருஷத்துக்கு முந்தைய துறைமுகம்.

2/ 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடி ஓடுகள் கிடைத்தன. கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசியவை.

3/ சில ஜாடிகள் கிரேக்கத்தின் காஸ் தீவு பாணி. ஆமாம், ஹிப்போகிரட்டிஸ் பிறந்த அதே காஸ்! கடல்நீர் கலந்த வைனுக்குப் பேர்போன ஊர். ரோமானியர் கேட்டோ அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார்.

4/ கப்பலில் வந்த யவனர் தங்களுக்காக மட்டும் கொண்டுவரவில்லை. அந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது.

5/ "சங்க காலத்திலேயே குடிச்சாங்களே டாக்டர்!" குடிச்சாங்க. ஆனா கடல் தாண்டி வந்த அந்தச் சரக்கு அரசன் வீட்டு ஆடம்பரம். இன்னிக்கு அதே ரோட்டுல பையில் ஒளிச்சு வர்ற குவார்ட்டர் தினக்கூலிக்காரர் கைக்கே எட்டுது.

6/ மது புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சொல்லிடுச்சு. வரலாறு படிக்கலாம், பெருமைப்படலாம். அது கல்லீரலைக் காப்பாத்தாது.