புகையால் இயங்கும் துருத்தி

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 2019இல் 'வென்யூ' என்னும் கார் வெளிவந்தது. அதற்கு இரு வகைப் பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்றின் கொள்ளளவு 1197 கன செண்டிமீட்டர். திறன் 83 குதிரைத்திறன். மற்றது 998 கன செண்டிமீட்டர்தான், திறனோ 120! சிறியது பெரியதை விஞ்சியது எப்படி?

பெட்ரோல் தனியே எரியாது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். ஆகவே ஒரு லிட்டர் எஞ்சின், தன் சிலிண்டர்கள் ஒருமுறை நிரம்பும்போது 0.08 கிராம் பெட்ரோலையே செம்மையாக எரிக்க இயலும். அதற்கு மேல் ஊற்றினால் கரும்புகைதான் மிஞ்சும். எஞ்சினுக்குப் பஞ்சம் எரிபொருளில் அன்று, காற்றில்.

கொல்லர் உலையில் துருத்தி ஊதுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். எஞ்சினுக்கும் அவ்வாறே காற்றை அழுத்தி ஊட்டலாம். ஆனால் துருத்தியை இயக்குவது யார்? எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணே வெளியேறுகிறது. அந்தப் புகையிடமே இவ்வேலையை ஒப்படைக்கும் எண்ணத்துக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய டர்போசார்ஜரில், புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் அது சுழல்வதுண்டு.

1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், 14,000 அடி உயரத்தில், சான்ஃபோர்டு மாஸ் ஒரு சோதனை நடத்தினார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த 'லிபர்ட்டி' விமான எஞ்சின், காற்று மெலிந்த அவ்வுச்சியில் 230 தான் தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் 356!

அப்படியானால் கார்கள் ஏன் இத்தனை காலம் காத்திருந்தன? இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பூஸ்ட்' அழுத்தம் என்பது வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவு. அது 0.5 வளிமண்டலம் என்றால், உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம் 1.5. ஆனால் காற்றின் அடர்த்தி ஒன்றரை மடங்காகி விடாது. சைக்கிள் பம்பு சூடாவதுபோல், அமுக்கப்படும் காற்றும் சூடாகும். 30 டிகிரிக் காற்று, வெப்ப இழப்பே இல்லாத இலட்சிய நிலையில், 67 டிகிரியை எட்டும்; அடர்த்தி 1.34 மடங்குதான் உயரும். இடையில் ஒரு குளிர்விப்பான் வைப்பது இதனாலேதான். சூடு மிகுந்தால் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி முறைப்படி எரியாமல் திடீரென வெடித்து, பிஸ்டனைத் தாக்கும்.

டீசல் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. அது அமுக்குவது வெறும் காற்றை மட்டுமே. நம் நாட்டில் 1964 முதல் வாரணாசியில் தயாரான 2600 குதிரைத்திறன் ரயில் எஞ்சின்களிலேயே டர்போசார்ஜர் இருந்தது. 1962இல் வந்த 'ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்' என்ற அமெரிக்கப் பெட்ரோல் காரிலோ, வெடிப்பைத் தணிக்க நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டியிருந்தது. பலர் நிரப்ப மறந்தனர். 1963க்குப் பின் அந்த எஞ்சினே கைவிடப்பட்டது.

வென்யூவின் சிறிய எஞ்சினில் அத்தகைய தொட்டி இல்லை. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது.