திருமறையின் ஓரம்
இளைஞருக்கெனச் சந்தைப்படுத்தப்படும் வேதாகமம் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் பெயர்பெற்ற ஊர். அதற்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரும் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு எழுந்தன. சிறு பட்டறைகளில் பொம்மை வார்க்கும் முறை எளியது. களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றின் பொடியை நீரில் கரைத்துக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் தோல்போல் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளீடற்ற உருவம் ஒன்று கிடைக்கும். அதைச் சூளையில் வைப்பர். உருவம் எதுவென்பதை மண் தீர்மானிப்பதில்லை.

பவுலடியார் மண்பாண்டத்தையும் பொக்கிஷத்தையும் வேறுபடுத்திப் பேசுவதை (2 கொரி. 4:7) நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். பாண்டம் எதுவாயினும் பொக்கிஷம் மாறாது என்று ஆறுதலும் கொள்கிறோம். அச்சுவார்ப்புக்கு இந்த ஆறுதல் பொருந்துமா? இளைஞரை ஈர்க்கும் பொருட்டுத் திருமறைக்குப் புதுவடிவம் தேடுவோர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

2003இல் அமெரிக்காவின் தாமஸ் நெல்சன் பதிப்பகம் 'ரிவால்வ்' என்னும் பெயரில் புதிய ஏற்பாடு ஒன்றை வெளியிட்டது. பதின்வயதுப் பெண்களுக்கான அழகு இதழ் ஒன்றை எடுத்தாற்போன்ற அளவு, தாள், அட்டை; அட்டையில் சிரிக்கும் இளம்பெண்கள். உள்ளே நற்செய்தி நூல்களும் நிருபங்களும் முழுமையாகவே இருந்தன. ஆனால் பக்கந்தோறும் ஓரங்களில் ஒப்பனைக் குறிப்புகள், வினாடி வினாக்கள், ஆண் நண்பர் பற்றிய கேள்வி-பதில்கள். வேதாகமம் தடித்தது, அச்சமூட்டுவது என இளையோர் கருதுவதால் இவ்வடிவம் என்று பதிப்பகத்தார் விளக்கினர். மறு ஆண்டு சிறுவருக்கென 'ரெஃப்யூவெல்' வந்தது. பெண்பிள்ளைகள் தாமாக ஆண்பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைப்பதில்லை என்னும் அறிவுரையும் பெண்கள் பதிப்பின் ஓரத்தில் இடம்பெற்றது. மகதலேனா மரியாளே உயிர்த்தெழுதலின் முதற்சாட்சி எனக் கூறும் ஒரு நூலில் இக்கட்டளைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது.

வெகுமக்கள் வடிவங்கள் திருமறைக்குத் தகாதவை என்று சொல்லிவிட்டால் வாதம் எளிதில் முடிந்துவிடும். தமிழ்த் திருச்சபை அவ்வாறு சொல்ல இயலாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி அக்காலத்தில் அரசவையிலும் கோயிலிலும் மக்கள் கூடிப் பார்த்த ஆடற்கலை. தலைவன் உலா வருவான். தலைவி காதல் கொள்வாள். மலைக்குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். அவள் கணவனாகிய சிங்கன் பறவை பிடிக்க வலை விரிப்பான். காதலும் நகையும் நிறைந்த இக்கதையைச் சாஸ்திரியார் அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய தலைவி தேவமோகினி திருச்சபைக்கு உருவகம். தலைவன் பெத்லகேம் நாதர். பறவை பிடித்தல் ஆன்மாக்களைச் சேர்க்கும் பணி. குறத்தி தன் மலைவளத்தையும் தான் திரிந்த நாடுகளையும் பாடும் மரபையொட்டி, மிஷன் பள்ளிகளில் அன்று கற்பிக்கப்பட்ட பூகோளத்தையும், கொப்பர்நிக்கஸின் வானநூலையும்கூட அவர் பாட்டில் ஏற்றினார். ஆசிரியராகப் பணிபுரிந்த ஒருவர் தம் மாணாக்கரை மனத்தில் கொள்ளாமல் இதைச் செய்திருக்க முடியாது.

பின்வந்த மிஷனரிமார் சிலருக்கு இவை பிடிக்கவில்லை. 1820களில் தஞ்சையில் எழுந்த பூசலில் சாஸ்திரியார் முறையிட்டவற்றுள், ஆராதனையிலிருந்து தமிழ்ப்பாட்டை நீக்கியதும், ஃபெப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பைத் திருத்தியதும், விழாக்களில் பூக்களைத் தடுத்ததும் உண்டு. நம் அனுதாபம் அவர் பக்கமே சாய்கிறது. ஆயினும் அதே முறையீட்டில், நற்கருணையில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்கியதும் ஒரு குற்றச்சாட்டாக இருந்தது என்பதை மறைத்தலாகாது. பண்பாட்டைக் காத்தவர் அதனுள் உறைந்த சாதியையும் சேர்த்தே காத்தார். சாதி குறித்த இதே கேள்வியில் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1860களில் பட்டாம்பாக்கத்தருகே பெத்தானியாவை நிறுவி டேனிஷ் மிஷனோடு இணைந்தார். அம்மிஷன் தென்னார்க்காட்டில் பரவியது. விருத்தாசலத்து லுத்தரன் சபையும் அவ்வழி வந்ததே. ஆகவே வெகுமக்கள் வடிவத்தைத் தழுவும்போது அதனுடன் வேறென்ன உள்ளே வருகிறது என்று கேட்கும் கடமை இச்சபைகளின் பிறப்பிலேயே இருக்கிறது.

இருப்பினும் குறவஞ்சிக்கும் 'ரிவால்வ்' நூலுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு; அது சிறிதன்று. சாஸ்திரியாரின் பாட்டு வேதாகமத்திற்கு வெளியே நின்றது. அது ஒரு புலவனின் பாட்டு. விரும்பியவர் பாடலாம், மறுப்பவர் மறுக்கலாம். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அவருடைய கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டபோதும் அவை பாட்டுப்புத்தகத்தில்தான் இடம்பெற்றன. 1978இல் வெளிவந்த 'கருணாமயுடு' திரைப்படமும் அவ்வாறே. அதைப் பார்த்தவர் தாம் பார்த்தது படம் என்பதை அறிவார். இங்கோ கடைத்தெரு வேதாகமத்தின் அட்டைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ரோமர் 8ஆம் அதிகாரமும் முகப்பூச்சும் ஒரே பக்கத்தில், ஒரே தாளில், ஒரே அதிகாரத்தோடு பேசுகின்றன.

அச்சிட்ட வேதாகமத்தின் ஓரம் எக்காலத்திலும் போராட்டக்களமாக இருந்துள்ளது. 1560ஆம் ஆண்டு ஜெனீவா வேதாகமத்தின் ஓரக்குறிப்புகள் அரசதிகாரத்திற்கு ஆபத்தானவை என முதலாம் ஜேம்ஸ் கருதினார். அதனால் 1611 பதிப்பில் விளக்கக் குறிப்புகளுக்கு இடமளிக்கப்படவில்லை. 1804இல் தோன்றிய பிரிட்டிஷ்-அயல்நாட்டு வேதாகமச் சங்கம், குறிப்பும் விளக்கமும் இன்றித் திருமறையை வழங்குவதைத் தன் அடிப்படை விதியாகக் கொண்டது. பல சபையார் ஒன்றுகூடிப் பணிசெய்ய வேறு வழியில்லை என்பது உடனடிக் காரணம். எனினும் அவ்விதி வாசகனை அவனுடைய நூலோடு தனியே விட்டது. 1820இல் சென்னையில் அதன் துணைச்சங்கம் அமைந்தது. அங்கிருந்து புறப்பட்ட புத்தக விற்பனையாளர்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சிறு சுவிசேஷப் பிரதிகளைக் குறைந்த விலைக்கு விற்றனர். இலவசமாகக் கொடுத்தால் தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும் என்னும் அச்சமும் இதற்கு ஒரு காரணம். ஆக, விற்பனை நமக்குப் புதிதன்று. விற்கப்பட்டது வெறும் மூலம் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஓரத்தின் வலிமையை அறியாதவர் 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தை எண்ணிப்பார்க்கலாம். அதன் அடிக்குறிப்புகளிலிருந்து பெற்ற காலப்பகுப்புக் கொள்கையைத் திருமறையின் நேர்ப்போதனை என்றே நம்புவோர் நம் சபைகளில் இன்றும் உளர். ஸ்கோஃபீல்டாவது வேதாகமத்திற்கு விளக்கம் கூற முயன்றவர். அழகுக்குறிப்பு எதை விளக்குகிறது? அது வாசிக்கும் பெண்ணை நுகர்வோராக அடையாளங்கண்டு, அந்நிலையிலேயே அவளை நிறுத்துகிறது. 1798இல் எடின்பரோவில் தொடங்கிய தாமஸ் நெல்சன் பின்னர் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம். பங்குதாரருக்குக் கணக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனம் ஓரத்தை வெறுமையாக விட்டுவைப்பது கடினம்.

இளைஞர் கூறும் குறை பொய்யன்று. திடப்படுத்தல் வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் நாம் வழக்கமாகக் கொடுப்பது 1871ஆம் ஆண்டு ஐக்கியத் திருப்புதலின் வழிவந்த பதிப்பு. அதன் மணிப்பிரவாள நடை பாட்டிமாருக்கு மனப்பாடம். பேரப்பிள்ளைகளுக்குப் பாதி புரியாது. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்தாந்தரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் தெளிந்த தமிழில் அமைந்திருந்தும், நம் சபைகள் பலவற்றில் பீடத்தின்மேல் அதற்கு இன்னும் இடமில்லை. மொழியைப் புதுப்பிக்க நாம் தயங்கும் வரையில், அட்டையைப் புதுப்பிக்க வருவோர்க்குக் கதவு திறந்தே இருக்கும். அடுத்த திடப்படுத்தல் ஆராதனைக்கு எந்தப் பதிப்பை வாங்குவது என்று சபைக் குழுக்கள் முடிவுசெய்யும் நாளில், விலையையும் அட்டையையும் பார்ப்பதோடு நில்லாமல், ஆயரும் இளைஞரும் ஒன்றாக அமர்ந்து மாற்கு நற்செய்தியின் ஓர் அதிகாரத்தையேனும் இரு மொழிபெயர்ப்புகளிலும் உரக்க வாசித்துப் பார்க்கலாம்.