தொடர்பு அறாமை: கோடைக்கானலும் விண்கலங்களும்

பழனி மலைத்தொடரின்மீது, கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோடைக்கானல் வானாய்வகத்தின் பிறப்புக்கு ஒரு பஞ்சமும் காரணம் என்பதைப் பலர் அறியார். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் (1876-78) பின்னர், மழை பொய்ப்பதற்கும் கதிரவன்மீது தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் உறவு உண்டா என ஆராயும் வேட்கை மிகுந்தது. சென்னை வானாய்வகத்தின் பணி 1899இல் மலையேறியது. மிச்சி சுமித் முதல் இயக்குநரானார். எதிர்பார்த்த மழைக்கணக்கு கைகூடவில்லை. ஆயினும் தொடங்கிய பணி நிற்கவில்லை. 1904 முதல், வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் கதிரவனைப் படம்பிடித்து நாளும் நேரமும் குறித்து வைக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. கரும்புள்ளிகளின் புறவளையத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909 சனவரி 5ஆம் நாள் எவர்செட் கண்டறிந்தது இம்மலையில்தான்.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கதிரவனோடு நூறாண்டுக்கு மேலாகத் தொடர்பு அறாமல் இருந்த இடம் இது. நெடுந்தொலைவில் உள்ள ஒன்றோடு நெடுங்காலம் தொடர்பு பேணுதல் எத்தகைய பணி என்பதை விண்கலங்களின் வரலாறு இன்னொரு வகையில் காட்டுகிறது. கதிரவன் முதுமையுற்று நம்மைக் கைவிடப்போவதில்லை, விண்கலமோ மூப்படையும்.

நம் நாட்டு மங்கள்யானையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாதப் பணிக்கென அனுப்பப்பெற்ற அக்கலம் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயை அடைந்து, ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் உழைத்தது. பெங்களூரை அடுத்த பயலாலுவில் உள்ள 32 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிதான் அதற்குச் செவியும் வாயும். 2015 சூனில் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே கதிரவன் வந்து நின்றபோது பேச்சு தடைப்பட்டது. கட்டளை எட்டாத அந்நாள்களில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறைகளைக் கலத்துக்கு முன்கூட்டியே கற்பித்திருந்தனர். கதிரவனின் ஒளிவட்டத்தை ஊடுருவி வந்து நலிந்த அலைகளையும் அறிஞர் வீணாக்கவில்லை. அவ்வொளிவட்டத்தின் இயல்பை ஆராய அவற்றையே பயன்படுத்தினர். கோடைக்கானலார் கண்ணாடித் தட்டில் பதித்த கதிரவனைப் பயலாலுவினர் தம் கலத்தின் நலிந்த குரலில் ஆராய்ந்தனர் எனலாம்.

கலத்துக்கு உண்மையான பகை நிழலே. செவ்வாயின் நிழலில் ஒரு மணி நாற்பது நிமிடம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கே அதன் மின்கலம் அமைந்திருந்தது. எட்டு மணி நேர நிழல் ஒன்று எதிர்ப்பட்டதால், 2017 சனவரியில் ஏறத்தாழ 20 கிலோ எரிபொருளைச் செலவிட்டுப் பாதையை மாற்றினர். எஞ்சியது 13 கிலோ. கையிருப்பை அறிந்தே செலவிட்ட குடும்பத்தலைவியின் கணக்கு அது! 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணம் வந்தபோது விலகிச் செல்ல எரிபொருள் இல்லை. தொடர்பு அறுந்தது, இனி மீட்க இயலாது என அவ்வாண்டு அக்டோபரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. இதைத் தோல்வி என எழுதியோர் உண்டு. ஆறு திங்களுக்கென வந்தவர் ஏழாண்டு கடந்தும் உழைத்து மாண்டால் அதைத் தோல்வி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்கர் 1977இல் ஏவிய வாயேஜர் கலங்களின் கதை வேறு. 2023 நவம்பரில் வாயேஜர்-1 பொருளற்ற இலக்கங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கியது. குரல் உண்டு, சொல் இல்லை. கலமோ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில். ஒரு வினாவுக்கு விடை வர நாற்பத்தைந்து மணி நேரம். கலத்தை வடித்தோர் பலர் ஓய்வுபெற்றுவிட்ட நிலையில், பழைய ஆவணங்களைப் புரட்டிப் பழுதின் இடம் தேடினர். நினைவகத்தின் ஒரு சில்லு கெட்டிருந்தது. அதிலிருந்த கட்டளைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேறிடங்களில் பொருத்தி அனுப்பினர். 2024 ஏப்ரல் 20இல் கலம் மீண்டும் பொருளுடன் பேசியது. செல்லரித்த ஏட்டின் எழுத்துகளைக் கூட்டிப் படித்துப் புத்தேட்டில் பெயர்த்தெழுதிய நம் முன்னோரை அறிந்தவர்க்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. ஏடு படிக்க வல்லார் ஒருவர் இங்கே எஞ்சியிருந்தார் என்பதே இதில் முதன்மையானது.

ஆகவே தொடர்பு அங்கேயும் அறும், இங்கேயும் அறும். அங்குள்ள மின்கலத்தின் சாவை நாம் தடுக்கவியலாது. இங்குள்ள மறதியைத் தடுக்கலாம். கோடைக்கானலின் வரலாற்றில் எனக்கு வியப்பளிப்பது இதுவே. ஆட்சி மாறியது, இயக்குநர்கள் மாறினர், 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தனித்து இயங்கலாயிற்று, படம்பிடித்தல் நிற்கவில்லை. கால்சிய ஒளியிலும் நீரக ஒளியிலும் பழைய முறையில் எடுத்த படவரிசைகள் 2007 வரை நீண்டன. அத்தட்டுகளும் சுருள்களும் இப்பொழுது கணினி வடிவம் பெற்றுள்ளன. கருவியும் கண்ணாடியும் மாறிய இடங்களில் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது, பாடபேதம் நோக்குவதைப் போன்ற பொறுமை வேண்டும் பணி.

இப்பணியின் தேவை இன்று கூடியுள்ளது. அதே நிறுவனம் உருவாக்கிய கருவியைத் தாங்கி, ஆதித்யா-எல்1 கலம் 2023 செப்டம்பர் 2இல் புறப்பட்டு, 2024 சனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையைச் சேர்ந்தது. அதற்கு வகுத்த ஆயுள் ஐந்தாண்டு. கரும்புள்ளிகள் பெருகித் தேயும் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ பதினோராண்டு ஆகும். கோடைக்கானல் தட்டுகளிலோ அத்தகைய சுழற்சிகள் பத்துக்குக் குறையாமல் பதிந்துள்ளன.